படி தாண்டிய ஷூ

“அதே ஷூவைக் கம்பெனிக்காரன் மறுபடியும் செஞ்சு கடையில விட்டுட்டான், அம்மா. இனிமே என்னோடதுக்கு என்ன மரியாதை?”

உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டார் சத்தியசீலன்.

வயது ஐம்பத்தாறு. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து தலைப்பிள்ளையைத் தூக்கி வருகிறவர் மாதிரி ஓர் அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

ஏலகிரி அடிவாரத்து ஓட்டு வீட்டில், தேடி வருகிறவர்களின் மனக்குறை கேட்டு வழி சொல்லும் மங்களாம்பிகைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் எட்டு வருஷமாக மாதம் ஒரு தடவை வந்து அவள் எதிரே உட்கார்ந்துவிட்டுப் போகிறார். அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வீட்டுக்கு ஒரே ஒரு விதி. காலில் போடுவது எதுவும் வாசற்படி தாண்டக்கூடாது.

“பெட்டியில என்ன?”

“அந்த ஷூதான்.”

“வெளியே வச்சிட்டு வாங்க.”

சீலன் வாசல் வரிசையைப் பார்த்தார். சேறு அப்பிய ரப்பர் செருப்புகள். வார் அறுந்து ஊக்கு குத்தியது ஒன்று. அதுகளோடு இதையா?

இது அந்த மாதிரிச் சமாசாரம் இல்லை என்று விளக்கத் தொடங்கினார். எண்பத்தொன்பதில் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. சிவப்பும் வெள்ளையுமாகக் கூடைப்பந்து ஷூ. ஒரு நாளும் காலில் மாட்டியதில்லை. துடைப்பதென்றால்கூடக் கையுறை போட்டுக்கொண்டுதான். இதைப் பார்க்கவென்றே பெங்களூரிலிருந்து ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

“இது செருப்பே இல்லை, அம்மா.”



“செருப்பு இல்லைன்னா தாராளமா உள்ளே கொண்டு வாங்க.”

வந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மளமளவென்று கொட்டினார்.

அதே சிவப்பாம், அதே தையலாம், பெட்டிகூட அதேதானாம். மாலில் சுற்றுகிற கழுதைகள் எல்லாம் மாட்டிக்கொண்டு திரிகின்றன. அதற்கப்புறம் ஷூ பார்க்க என்று ஓர் ஆள் வரவில்லை. போதாததற்குப் பெற்ற மகளே ஒரு ஜோடி வாங்கிவந்து, அவர் பிறந்தநாளும் அதுவுமாக முன்னால் நீட்டினாள். போலியை என் வீட்டுக்குள் கொண்டுவராதே என்று தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து யாழினி பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. முப்பத்திரண்டு நாள்.

மங்களாம்பிகை குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு,

“கம்பெனிக்காரன் விட்டது என்ன?”

“சொன்னேனே அம்மா. ஷூ.”

“உங்க மடியில இருக்கிறது?”

சீலன் குனிந்து மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

வெளியே யாரோ செருப்பை உதறிவிட்டு, உள்ளே பேச்சு நடப்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள். பிறகு போய்விட்டார்கள்.

“மதிப்பு குறையலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அம்மா. நான் கிளம்பிடறேன்.”



“உங்க பொண்ணு அதை நீட்டும்போது என்ன சொன்னா?”

என்ன சொன்னாள்? தையல் நினைவிருந்தது. புது ரப்பர் வாடை நினைவிருந்தது. ஷூ நாக்கின் உள்பக்கம் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் தயாரித்த மாதம், வருஷம்கூட நினைவிருந்தது. அவள் முகத்தைத்தான் பார்க்கவில்லை.

கண்ணை மூடித் தேடினார். தேடத் தேட ஒவ்வொரு சொல்லாக வந்தது. வந்ததை அப்படியே சொன்னார்:

“‘டாக்டர் நடக்கச் சொல்லி ஒரு வருஷம் ஆச்சுப்பா. அது பெட்டியிலேயே இருக்கட்டும். இதைப் போட்டுக்கிட்டு என்கூட நடங்க.’”

மங்களாம்பிகை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சீலன் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து போன் போட்டார். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள்.

“யாழினி, காலையில எத்தனை மணிக்கு நடக்கப் போவே?”



“அஞ்சரை மணிக்கு, அப்பா.”