எதிர்த்தரப்பு வாதம்

“இவங்களும் வேணாம்னுட்டாங்க மேடம்” என்றாள் மரகதவல்லி.

தில்ஷாத் கேஸ் கட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“யாரு?”

“அந்தக் கண்ணாடிக் கட்டடத்து ஃபர்ம். போன வாரம் நுங்கம்பாக்கத்துல ஒருத்தங்க. அதுக்கு முந்தினவங்க பதிலே போடல.”

“என்ன எழுதியிருக்காங்க?”

“ஆர்வத்துக்கு நன்றி. பயிற்சிக்கு இடம் தர முடியாததுக்கு வருந்துகிறோம். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.”

“வாழ்த்தியிருக்காங்கல்ல” என்றார் மூலையிலிருந்து குமாஸ்தா தணிகாசலம். “எனக்கு எங்க வீட்லகூட அது கிடைச்சதில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. அவர் மறுபடி நூலைக் கோத்துக் காகிதம் தைக்கப் போனார்.

கதைகளில் குரு என்றால் தாடி இருக்கும். காலடியில் சின்னப் பையன் ஒருவன் இருப்பான். இங்கே குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு நாற்பது. குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை மேடம் என்பாள். இரண்டு பேருக்கும் அது சரியாகவே இருந்தது.

தில்ஷாத் ஹைகோர்ட் வக்கீல். தம்புச்செட்டித் தெருவில் ஒரு மாடி அறைதான் அவளுடைய ஆபீஸ். சட்டக் கல்லூரியில் வாரத்துக்கு ஒரு வகுப்பு எடுப்பாள். முதல் நாள் முதல் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, “யாரோட அம்மா நீங்க?” என்று கேட்டுவிட்டாள்.

“என் பொண்ணோட அம்மா” என்றாள் மரகதவல்லி. “நீங்க பாடத்தை ஆரம்பிங்க மேடம்.”

அன்றிலிருந்து பழக்கம்.

பெரிய சட்ட நிறுவனங்களில் ஒரு வழக்கம் உண்டு. விடுமுறையில் பயிற்சிக்கு வந்து கண்ணில் படுகிறவர்களைத்தான் பின்னால் வேலைக்குக் கூப்பிடுவார்கள். மரகதவல்லிக்கு இன்னும் ஒரே ஒரு விடுமுறைதான் பாக்கி.

“இங்கயே இருந்துடுங்கக்கா” என்று தில்ஷாத் முன்பே சொல்லிப் பார்த்தாள். “தொழில் கத்துக்கலாம். ஆனா என்னால சம்பளம் தர முடியாது. எங்க சீனியர் எனக்கு ரெண்டு மூணு வருஷம் பஸ்ஸுக்குத்தான் குடுத்தாரு.”

“எனக்கு அத்தனை வருஷம் ஏது மேடம்? பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ் போறா. அவ அப்பா இல்ல. மாசம் பொறந்தா சம்பளம்னு ஒண்ணு வந்தாகணும். அதுக்கு ஃபர்ம்தான்.”

இப்போது தில்ஷாத் கேஸ் கட்டை மூடினாள்.

“விட்டுடலாம்னு தோணுதாக்கா?”

“இல்ல.”

கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது.

“எங்க இடிக்குதுன்னு தெரியணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

“அப்ப அந்தப் பக்கம் போய் உட்காருங்க.”

“எந்தப் பக்கம்?”

“அவங்க பக்கம். இப்ப நீங்க அந்த ஃபர்மோட வக்கீல். மரகதவல்லிங்கறவங்களை ஏன் எடுக்கக் கூடாதுன்னு வாதாடுங்க.”

“நானா?”

“அந்தம்மாவை உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?”

மரகதவல்லி தணிகாசலத்தைப் பார்த்தாள்.

“மேடம் எப்பவும் இப்படித்தாம்மா” என்றார் அவர். “எதிராளி கேஸை எதிராளியைவிட நல்லா சொல்லுவாங்க. கட்சிக்காரங்க மெரண்டுபோய் என்னைத் தனியா கூட்டிட்டுப் போயி, ‘சார், இவங்க நம்ம வக்கீல்தானே?’ன்னு கேப்பாங்க.”

“நீங்க ஜட்ஜ்” என்றாள் தில்ஷாத் அவரிடம்.

“முன்னாடி டவாலி சேவகன் நடக்காம நான் ஏறமாட்டேன்.”

சொல்லிக்கொண்டே ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

மரகதவல்லி எதிர் நாற்காலிக்குப் போனாள். தொண்டையைச் செருமினாள்.

“இவங்களுக்கு வயசு நாற்பது.”

“எனக்கு அறுபத்திரண்டு. காலைலதான் கட்டைத் தூக்கிட்டு அத்தனை படி ஏறி ஃபைல் பண்ணிட்டு வந்தேன். தள்ளுபடி.”

“ஜட்ஜ் சொந்தக் கதை பேசக் கூடாது” என்றாள் தில்ஷாத். “ஆனா தீர்ப்பு சரி. அடுத்தது?”

“பேர் பெற்ற காலேஜ் இல்ல.”

“நானும் அங்கதான் படிச்சேன்” என்றாள் தில்ஷாத்.

“தள்ளுபடி, தள்ளுபடி” என்றார் தணிகாசலம் அவசரமாக.

“இங்கிலீஷ் சரளமா வராது.”

“எழுத வருது. பேச நிதானமா வருது. நிதானமா பேசினதுக்காக எந்த ஜட்ஜும் யாரையும் வெளிய அனுப்பினதில்ல. வேற?”

மரகதவல்லி விரல்களை மடக்கிப் பார்த்தாள், மூன்றோடு நின்றது.

“அக்கா, இதெல்லாம் உங்களைப் பத்தி ஊர் பேசறது. இதைச் சொல்லிட்டு ஒரு வக்கீல் ஃபீஸ் கேக்க முடியாது. நல்ல வாதமா எடுத்துட்டு வாங்க.”

மறுநாள் அவள் வந்தபோது நடை வேறு மாதிரி இருந்தது. பையை வைத்தாள். யாரும் சொல்லாமலே எதிர்ப்பக்கம் போனாள். உட்காரவில்லை.

“மை லார்ட்” என்றாள்.

தணிகாசலம் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

“மனுதாரர் டிகிரி முடிச்சப்ப வயசு இருபத்தொண்ணு. சட்டம் படிக்கச் சேர்ந்தப்ப முப்பத்தெட்டு. நடுவுல எங்க இருந்தாங்க? விண்ணப்பத்துல ஒரு வரி இல்ல. வெளிநாட்ல இருந்தாங்களா, ஜெயில்ல இருந்தாங்களா, எங்களுக்குத் தெரியாது. முக்கியமான விஷயத்தை மறைச்சு வர்ற மனுவை அந்த ஒரு காரணத்துக்காகவே கோர்ட் தள்ளலாம். தன்னைப் பத்தியே மறைக்கிறவங்களை நம்பி, எங்க கட்சிக்காரங்க ரகசியத்தை எப்படி ஒப்படைக்கிறது?”

“இதைத் தள்ள முடியலையேம்மா” என்றார் தணிகாசலம்.

“ஏன் எழுதலக்கா?”

“சட்டத்துக்குச் சம்பந்தமில்லாததை எடுத்துடணும், ஒரே பக்கம்தான் இருக்கணும்னு காலேஜ்ல சொன்னாங்க. எடுத்தேன். எடுத்துப் பாத்தா என் பேரும் மார்க்கும்தான் நின்னுது.”

“என்ன வேலை பாத்தீங்க?”

“தி.நகர்ல புடவைக் கடை. பில்லிங்ல சேந்தேன். அப்புறம் பட்டு செக்‌ஷன். கடைசிப் பத்து வருஷம் சூப்பர்வைசர். எனக்குக் கீழ இருபது பொண்ணுங்க.”

தணிகாசலம் ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

“முகூர்த்தப் புடவை எடுக்க ரெண்டு சம்பந்தி வீடும் சேர்ந்து வருமே, அதைச் சமாளிச்சவங்களா நீங்க? அதுக்கப்புறம் ஹைகோர்ட் என்னம்மா ஹைகோர்ட்!”

“எழுதிட்டு வாங்கக்கா” என்றாள் தில்ஷாத்.

எழுதினாள். ஒளிக்காமல் எழுதினாள். கடை, பில், பட்டு, புகாரோடு வந்த வாடிக்கையாளர்கள், நுகர்வோர் கோர்ட்டுக்குக் கடை சார்பாகப் போய் நின்றது, அங்கே எதிர்ப்பக்க வக்கீல் பேசியதைக் கேட்டு இதைப் படித்தே தீருவது என்று முடிவு செய்தது. எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கியது. இன்னும் மூன்று நிறுவனங்களுக்கு அனுப்பினாள்.

இரண்டு நிறுவனங்கள் வருத்தம் தெரிவித்தன. மூன்றாவது நிறுவனம், வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னது.

தணிகாசலம் கீழே போய் வடை வாங்கி வந்தார். தில்ஷாத் ஒரு வடையை எடுத்துக் கடித்தபடியே எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

“இன்னுமா மேடம்? அதான் கூப்பிட்டுட்டாங்களே!”

“கூப்பிட்டாங்க. இன்னும் எடுக்கல. நீங்க எழுதினதுல இருந்தே அவங்களுக்குப் புதுசா ஒரு வாதம் கிடைச்சிருக்கு. தேடுங்க.”

மரகதவல்லி உட்கார்ந்தாள். வடை ஆறியது. தெருவில் ஒரு மீன்பாடி வண்டிக்காரன் யாரையோ திட்டித் தீர்த்து, சமாதானமாகி, போயும்விட்டான்.

“மை லார்ட்” என்றாள் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

“இந்தம்மா பத்து வருஷமா மத்தவங்க வேலையைத் திருத்தினவங்க. இவங்க வேலையை யாரும் திருத்தினதில்ல. எங்க ஆபீஸ்ல இவங்களுக்கு மேல உட்காரப்போறது இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு. இவங்க எழுதினதை அந்தப் பொண்ணு அடிச்சுத் திருப்பிக் குடுக்கும். இவங்க தாங்கமாட்டாங்க. வாயில சொல்லமாட்டாங்க, முகத்துல காட்டுவாங்க. ஆபீஸ் கெட்டுப்போகும்.”

நிறுத்தினாள்.

“இது நிஜம் மேடம். எனக்குக் கோபம் வரும்.”

“பதில் வாதம்?”

“இல்ல.”

மேஜை மேல் ஒரு வாடகைத் தகராறு பற்றி மரகதவல்லி முந்தின நாள் எழுதிவைத்த குறிப்பு இருந்தது. தில்ஷாத் அதை எடுத்தாள். படித்தாள். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு இழுத்தாள்.

“மறுபடி.”

“என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா...”

தில்ஷாத் வேறு கட்டைப் பிரித்துவிட்டாள்.

மரகதவல்லி எழுதினாள். நீட்டினாள்.

கோடு.

“மறுபடி.”

எழுதினாள். பேனா அழுந்தி, அடுத்த தாளிலும் தடம் விழுந்தது. தணிகாசலம், டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார்.

இந்த முறை கோடு பாதிப் பக்கத்துக்குத்தான் விழுந்தது.

“மறுபடி.”

மரகதவல்லி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். கதவு வரை போனாள். அங்கே நின்றாள்.

தில்ஷாத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடையில் தனக்குக் கீழே இருந்த இருபது பெண்களில் எத்தனை பேர் இப்படி ஒரு கதவருகே நின்றிருப்பார்கள் என்று மரகதவல்லிக்கு அப்போது தோன்றியது. பட்டுப் புடவை மடிக்கத் தெரியாமல், திரும்ப மடி, திரும்ப மடி என்று அவள் சொல்லச் சொல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டு மடித்த பெண்கள். அதில் இரண்டு பேர் இன்று வேறு கடைகளில் சூப்பர்வைசர்கள்.

பையைக் கழற்றினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வாடகை நின்ன தேதியை முன்னாடி கொண்டுவரணுமா மேடம்?”

“தெரியல. கொண்டுவந்து பாருங்க.”

கொண்டுவந்தாள். தில்ஷாத் படித்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். குறிப்பை அப்படியே கேஸ் கட்டுக்குள் வைத்துக் கயிற்றைக் கட்டினாள்.

“வெள்ளிக்கிழமை அங்க நான் என்ன சொல்லணும் மேடம்?”

“எனக்கென்ன தெரியும்? வாதாடப்போறது நீங்க.”

வெள்ளிக்கிழமை.

நீள மேஜை. அந்தப் பக்கம் நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். நரைத்த தலை, கனிவான முகம். பக்கத்தில் குறிப்பெடுக்க ஓர் இளம் பெண் வக்கீல். இருபத்தைந்து இருக்கும்.

பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. மரகதவல்லி ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். அவசரப்படவில்லை.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் ஃபைலின் மேல் கையை வைத்துத் தமிழுக்கு மாறினார்.

“உங்களை ஏமாத்த விரும்பலம்மா. வெளிப்படையா சொல்லிடறேன். விண்ணப்பம் நேர்மையா இருந்தது, அதனாலதான் பாக்கணும்னு நினைச்சேன். ஆனா பாருங்க, எங்க பயிற்சிக்காரங்க எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயசு. உங்க காலேஜ்ல இருந்து நாங்க யாரையும் எடுத்து வழக்கமில்ல. அப்புறம் புடவைக் கடை அனுபவம். அது நல்ல அனுபவம்தான், இல்லைங்கல. ஆனா இங்க அது...”

வாக்கியத்தை முடிக்காமல் புன்னகை செய்தார். எத்தனையோ பேருக்குச் செய்து பழகிய புன்னகை. வருந்துகிறோம் என்ற கடிதத்துக்கு முகம் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

ஃபைலை மூடப்போனார்.

மரகதவல்லி எழுந்திருக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாள்.

“சார், நீங்க சொன்ன மூணும் நிக்காது.”

இளம் வக்கீலின் பேனா நின்றது.

“உங்க பக்கம் இதைவிடப் பலமா ஒரு வாதம் இருக்கு. இவங்க” என்று அந்தப் பெண்ணைக் காட்டினாள், “இவங்க சம்பந்தப்பட்டது. அதை நீங்க இன்னும் எடுக்கவே இல்ல. முதல்ல அதைச் சொல்றேன். அப்புறம் என் பதிலைச் சொல்றேன்.”

அவர் ஃபைலிலிருந்து கையை எடுத்தார்.

“சொல்லுங்க.”