சீசர் உக்காருற இடமெல்லாம்

குற்றாலிங்கத்தோட சம்சாரம் செண்பகம் செத்து இன்னும் ஒரு மாசம்கூட முடியல. துக்கம் கேக்க தவமணி அம்மா மடத்துல இருந்து வந்திருந்தாங்க.

மடம் மலைக்கு அந்தப் பக்கம், ஆத்துக்கு அக்கரையில. அங்க அவங்கதான் குரு. குற்றாலிங்கம் அவங்களுக்கு சிஷ்யர், ஆனா வயசுல மூத்தவர். அதனால குருவே சிஷ்யரை 'அண்ணாச்சி'ன்னுதான் கூப்பிடுவாங்க.

"அம்மா, இந்த நாய் சீசரை மடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" அப்படின்னார் அவர். "சாயங்காலம் ஆனா அவ செருப்புகிட்ட போய்ப் படுத்துக்குது. என்னால பாக்க முடியல."

"சரி. தினமும் எந்த வழியா நடக்கும்?"

"செண்பகத்துக்குத்தான் தெரியும். மலை, காடு, ஆறுன்னு இதைக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து சுத்துவா. போனா சீக்கிரம் வரமாட்டா. 'மலையை அளந்துட்டு வாரியா'ன்னு கேலி பண்ணுவேன்."

"கயித்த லூசா விடுங்க. அது போற வழியிலயே ஆறு வரைக்கும் போவோம்."

சீசர் குஷியாத்தான் கிளம்புச்சு. மலையில பாதி ஏறினதும் ஒரு தட்டைப் பாறை. அதுகிட்ட போய் சட்டுனு உக்காந்துருச்சு.

அவர் கயித்த இழுத்தார். ம்ஹூம். அசையல.

"ஏல, எந்திரில! இதுக்குள்ள களைச்சுட்டியா?"

நாக்குகூடத் தொங்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அதுவா எந்திரிச்சுது. நடந்துச்சு. அடுத்த திருப்பத்துல ஒரு நாவல் மரம். மறுபடியும் உக்காந்துருச்சு.

"மடத்துல இந்தச் சோம்பேறிய வச்சு என்ன செய்யப் போறீங்களோ" அப்படின்னார்.

மேல ஆடு மேச்சுட்டு இருந்த ஒரு பொம்பள சிரிச்சுக்கிட்டே இறங்கி வந்து சீசர் தலையத் தடவினா.

"வாரும் தொரை! மூணு வாரமா ஆளையே காணும்? அக்கா எங்க?"

குற்றாலிங்கம்தான் சொன்னார். "நான் அவ வீட்டுக்காரன். அவ போயிட்டாம்மா. நெஞ்சுவலி. திடீர்னு."

அவ சிரிப்பு நின்னுச்சு.

"திடீர்னா? இந்த மரத்தடியிலதான அக்கா உக்காருவாக. மேமூச்சு கீமூச்சு வாங்கும். நெஞ்சைப் பிடிச்சுக்கிடுவாக. மூச்சு அடங்குத வரைக்கும் இவன் காலடியில கெடப்பான். 'வீட்ல சொல்லுங்கக்கா'ம்பேன். சிரிச்சு மழுப்பிருவாக."

அவர் சீசரைப் பாத்தார். அது இன்னும் உக்காந்துதான் இருந்துச்சு.

காட்டுக்குள்ள போனதும் ஒரு வேருகிட்ட உக்காந்துச்சு. அப்புறம் ஒரு புத்துகிட்ட. அவர் கயித்த இழுக்கல. முதல்ல பக்கத்துல நின்னார். அடுத்த தடவை அவரும் தரையில உக்காந்துட்டார்.

இத்தனை இடமா?

ஆறு வந்துருச்சு. சீசர் தண்ணி குடிச்சுது. தவமணி அம்மா முழங்கால் தண்ணியில இறங்கி நின்னுகிட்டு, கயித்துக்குக் கைய நீட்டினாங்க.

"குடுங்க அண்ணாச்சி. இருட்டறதுக்குள்ள அக்கரை போகணும்."

அவர் குடுக்கல.

"அம்மா, அவ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி? தினமும் அவகூட நடந்தது நான் இல்லையே."