தண்ணீர் கேட்காத தக்காளி

கரிசல்காட்டு ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில், சொட்டுத் தண்ணீரிலேயே காய்க்கும் என்று வளர்த்த புதுரகத் தக்காளி பூத்த கையோடு பூவையெல்லாம் உதிர்த்து, ஒரு காயும் பிடிக்காமல் நின்றுவிட்டது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிற அன்று, பண்ணை இயக்குநர் கூலியாள் பேச்சித்தாயைக் கூப்பிட்டார்.

"சந்தையில பழம் வாங்கியாச்சு. செடிக்குச் செடி கட்டிரு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

பேச்சித்தாய் கட்டினாள்.

வந்த அதிகாரி அசந்துபோய் அவளிடமே கேட்டார். "இதுக்கு எவ்வளவும்மா தண்ணி விடுறீங்க?"

"தண்ணியே வேண்டாம்யா. நூல் இருந்தாப் போதும்."

அவர் குனிந்து காம்பைப் பார்த்தார். இயக்குநர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஆராய்ச்சியை நிறுத்திப் பண்ணையை இழுத்துப் பூட்டினார்கள். பேச்சித்தாயின் வேலையும் போயிற்று. அவள் சொன்ன பதிலைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரகம் பிழைத்தால் காய்ந்து கிடக்கும் தன் நிலத்திலும் போடலாம் என்று, யாரைவிடவும் அதை நம்பியிருந்தவள் அவள்தான்.