நாணலேரித் தொகுதி மூன்றான கதை

பறவையும் விலங்கும் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பேச்சு இருந்ததால் சபையும் இருந்தது. சபை இருந்ததால் தொகுதிகளும் இருந்தன. அவற்றுள் ஒன்று நாணலேரி.

நாணலேரித் தொகுதிக்கு யாரும் எல்லை வகுத்ததில்லை. தண்ணீர் எதுவரை நிற்கிறதோ அதுவரை தொகுதி. வாக்காளர்களில் பெரும்பாலானவை தவளைகள். கொஞ்சம் நத்தைகளும் உண்டு. அவை தேர்தல் அன்று காலையில் கிளம்பி, முடிவு அறிவித்த பிறகு வந்து சேரும். ஒரு முறை தண்ணீர்ப்பாம்பு போட்டியிட்டது. வாக்குக் கேட்கப் போன இடத்தில் எல்லாம் வாக்காளரையே விழுங்கிவிட்டு வந்ததால் அதற்கு டெபாசிட் போனது. மற்றபடி எப்போதும் தவளைதான் ஜெயித்தது.

இத்தனை முறை ஜெயித்தும் தவளைகள் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. ஒரே ஒரு சட்டத்தை மட்டும் காப்பாற்றி வந்தன. ஏரியின் மேற்கே ஆழமில்லாத ஒரு பள்ளம் உண்டு. தவளைகள் முட்டையிடுவது அங்கேதான். தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கும்வரை அந்தப் பள்ளத்தில் கொக்கு இறங்கக் கூடாது என்பது சட்டம். சபையில் எந்தச் சட்டத்துக்கும் ஆயுள் ஒரு வருடம்தான். அந்தந்த இடத்து உறுப்பினர் எழுந்து கேட்டால் நீட்டிப்பார்கள். கேட்க ஆளில்லை என்றால் அது தானாகக் காலாவதியாகிவிடும்.

அப்போது நாணலேரிக்கு உறுப்பினராக இருந்தது குளத்தாயி என்ற தவளை. பேச்சு நீளம், ஆனால் வருடம் தவறாமல் எழுந்து கேட்டுவிடும். வருடா வருடம் அதன் முட்டைகளும் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கும்.

பக்கத்துக் கருவேலந்தோப்புத் தொகுதிக்கு வெள்ளைச்சாமி என்ற கொக்கு உறுப்பினர். ஒரு கோடையில், ஏரி வற்றிச் சேறு தெரிந்த சமயம், அது கரையில் வந்து நின்றது. தவளைகளைப் பார்த்து அவ்வளவு பணிவாக எந்தக் கொக்கும் அதுவரை பேசியதில்லை.

"தாய்மாரே, பெரியோரே! இம்மாம் பெரிய சனம். சபையில ஒரே ஒரு நாற்காலி. நெனச்சா எனக்கே மனசு ஆற மாட்டேங்குது. ஏரிய மூணாப் பிரிப்போம். மூணு தொகுதி, மூணு உறுப்பினர். எல்லாம் உங்களுக்குத்தான்."

ஏரி முழுக்கச் சலசலப்பு. ஒவ்வொரு கரையிலும் உறுப்பினராகும் ஆசையோடு நாலு தவளைகளாவது இருந்தன. குளத்தாயி மட்டும் முன்னால் வந்து கேட்டது.

"பிரிச்ச துண்டையெல்லாம் எதோட சேப்பீங்க?"

"அது ஒண்ணும் பெருசில்ல தாயி. ஒரு தொகுதின்னா ஒரு அளவு வேணுமில்ல? கிழக்குத் துண்டோட எலிங்க இருக்கிற வரப்பு, தெக்குத் துண்டோட ஓணான் பாறை, மேக்குத் துண்டோட நம்ம கருவேலந்தோப்பு. எல்லாம் அக்கம்பக்கம்தானே!"

"அங்க எலி எத்தன, ஓணான் எத்தனன்னு யாராச்சும் பாத்தீங்களா?" என்று குளத்தாயி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டது.

தென்கரையிலிருந்து பாசியன் என்ற இளந்தவளை சிரித்தது. "எலியப் பத்தி உனக்கு எதுக்குக்கா கவல? ஒன் நாற்காலி போயிரும்னு பயம். அத நேராச் சொல்லிட்டுப் போயேன்."

எல்லாத் தவளைகளும் சிரித்தன. குளத்தாயிக்குச் சுருக்கென்றது. பாசியன் சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் அது திருப்பிச் சண்டை போட்டிருக்கும். கொஞ்சம் உண்மை கலந்திருந்ததால் வாயை மூடிக்கொண்டது.

சபைத் தலைவர் எருமை. அது எங்கே படுத்திருக்கிறதோ அங்கேதான் சபை கூடும். அன்று சேற்றில் படுத்தபடியே அது வாக்கெடுப்பை அறிவித்தது. "பிரிக்கலாம்னா குதிங்க. வேணாம்னா உக்காந்திருங்க."

தவளைகளின் வாக்கெடுப்பு அன்றெல்லாம் அப்படித்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தில் ஒன்று குதித்தால் எந்தத் தவளையாலும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. யோசனை வருவதற்கு முன்பே கால் போய்விடும்.

பாசியன் குதித்தது. அதன் பக்கத்தில் இருந்தவை குதித்தன. தென்கரை, கிழக்குக் கரை என்று பொத்துப் பொத்தென்று எல்லாம் குதித்துக்கொண்டே வந்தன. குளத்தாயி குதிப்பதில்லை என்ற முடிவோடு சேற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் இடப்பக்கத்துத் தவளை குதித்தது. வலப்பக்கத்துத் தவளையும் குதித்தது. அடுத்த நொடி குளத்தாயியும் அந்தரத்தில் இருந்தது. தான் என்ன செய்துவிட்டோம் என்று அதற்குப் புரிந்தது அங்கேதான். கீழே விழுந்து நிமிர்வதற்குள் எருமை முடிவைச் சொல்லிவிட்டது.

"ஒருமனதா நிறைவேறிருச்சு."

எல்லைக் கோடு போடும் வேலை வளையன் என்ற நண்டுக்குக் கொடுக்கப்பட்டது. அது கொடுக்கைச் சேற்றில் ஊன்றி இழுத்துக்கொண்டே நடந்தது. பின்னாலேயே வெள்ளைச்சாமியும் நடந்தது. தவளைகள் நெருக்கமாகக் குடியிருந்த இடம் வந்தபோதெல்லாம், "இந்தப் பக்கம் கொஞ்சம் வளைச்சுக்கப்பா" என்று சொன்னது. வளையனுக்கு நேராக நடப்பதும் வளைந்து நடப்பதும் ஒன்றுதான். கடைசியில் கோடு எந்தத் தவளைக் குடும்பத்தையும் முழுசாக ஒரு பக்கம் விடவில்லை. அக்கா கிழக்கில் இருந்தால் தங்கை தெற்கில் இருந்தது.

தேர்தல் நடந்தது. கிழக்கில் எலி ஜெயித்தது. வரப்புக்குள் எத்தனை எலி இருந்தது என்று அன்றைக்குத்தான் தவளைகளுக்குத் தெரிந்தது. தெற்கில் ஓணான் ஜெயித்தது. யார் என்ன கேட்டாலும் அது தலையாட்டியதால், எல்லாரும் அதைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். மேற்கில் வெள்ளைச்சாமி ஜெயித்ததைச் சொல்லத் தேவையில்லை. தெற்கே நின்று தோற்ற பாசியன் மட்டும், "தவள ஓட்டு அம்புட்டும் எனக்குத்தான் வுழுந்துச்சு" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தது. அது உண்மைதான். பயன்தான் இல்லை.

கோடை மழை ஒன்று பெய்து பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியது. தவளைகள் வழக்கம்போல அங்கே முட்டையிட்டன. தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டத் தொடங்கின. சட்டத்தை நீட்டிக்கும் நாள் நெருங்கியது. குளத்தாயி எருமையைத் தேடிப் போனது.

"தலைவரே, பள்ளத்துச் சட்டத்த நீட்டணும்."

"நீ இப்ப உறுப்பினர் இல்லையே. எங்க குடியிருக்க?"

"கெழக்கால."

"அப்ப எலிகிட்டப் போயிச் சொல்லு."

எலி மரியாதையாகத்தான் பேசியது. "அக்கா, பள்ளம் மேக்கால இருக்கு. அது என் தொகுதி இல்லியே. அடுத்தவர் தொகுதியில நான் மூக்கை நுழைக்கலாமா? வெள்ளைச்சாமி அண்ணன்கிட்டச் சொல்லிப் பாருங்க."

குளத்தாயி வெள்ளைச்சாமியிடமும் போனது, எட்டி நின்று சொன்னது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் தண்ணீரில் கிடக்கும்போது எந்தத் தாய்க்கு அந்த யோசனை வரும்? கொக்கு பொறுமையாகக் கேட்டது. "என் தொகுதி மக்கள்கிட்டக் கலந்து பேசிட்டுச் சொல்றேன் தாயி" என்றது. அதன் தொகுதி மக்கள் மரத்தில் உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சபை கூடிய அன்று பள்ளத்தைப் பற்றி யாரும் எழுந்து பேசவில்லை. ஓணான் தலையாட்டியது. சட்டம் காலாவதியாயிற்று. மறுநாள் காலையில் கொக்குகள் பள்ளத்தில் இறங்கின. குளத்தாயி கிழக்குக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தபோது பள்ளத்தில் எதுவும் அசையவில்லை. அது அழுதது. சுற்றியிருந்த தவளைகள் தேறுதல் சொல்ல வரவில்லை. அவற்றுக்கும் அன்று அதே துக்கம்தான். தெற்கிலிருந்து பாசியன் வந்து எதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே, "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றது. "நானுந்தான் குதிச்சேன்" என்றது குளத்தாயி.

ஐப்பசி பிறந்தது. மழை ஒரே மூச்சாகக் கொட்டியது. வாய்க்கால் நிரம்பி ஏரிக்குள் பாய்ந்தது. முதலில் பள்ளம் மூழ்கியது. பிறகு வளையன் போட்ட கோடு கரைந்தது, வரப்பு மறைந்தது, ஓணான் பாறையும் முக்கால்வாசி முழுகியது. மூன்று துண்டாகக் கிடந்த தவளைகள் தண்ணீரோடு மிதந்து ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அக்காவும் தங்கையும் பல மாதம் கழித்து ஒன்றையொன்று பார்த்தன. புதுத் தண்ணீரில், பள்ளம் இருந்த பக்கமாக, தவளைகள் மறுபடி முட்டையிட்டன. நடு ஏரியில் எருமை, மூக்கு மட்டும் வெளியே தெரிய, சுகமாகப் படுத்திருந்தது.

குளத்தாயி நீந்திப் போய் அதன் கொம்பில் ஏறி உட்கார்ந்தது.

"தலைவரே, நான் இப்ப எந்தத் தொகுதியில இருக்கேன்?"

எருமை கிழக்கே பார்த்தது, தெற்கே பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. "கோடு ஒண்ணும் தெரியலையே" என்றது.

"வடிஞ்சாத் தெரியும் தலைவரே!" என்று கருவேல மரத்திலிருந்து வெள்ளைச்சாமி குரல் கொடுத்தது.

"வடிஞ்ச பெறகு பாத்துக்கலாம்" என்றது எருமை. "கோடு இல்லேன்னாப் பழைய தொகுதிதான். குளத்தாயி, நீ கேக்க வேண்டியதக் கேளு."

"பிள்ளைங்களுக்குக் கால் முளைக்கிற வரைக்கும் கொக்கு எறங்கக் கூடாது!"

"ஆதரிக்கிறவங்க யாரு? குதிக்காதீங்க, இந்தத் தண்ணியில எனக்குக் கணக்குத் தெரியாது. குரல் குடுங்க."

ஏரியில் இருந்த அத்தனை தவளைகளும் சேர்ந்து குரல் கொடுத்தன. மரத்திலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. எருமை காதை ஆட்டிக்கொண்டு, "நிறைவேறிருச்சு. ஆனா கோடு மறுபடி தெரியிற வரைக்குந்தான் இது செல்லும்" என்றது.

தண்ணீர் வடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் கால் முளைத்துக் கரையேறின. மீதிப் பாதி பள்ளத்தில் நீந்தும்போதே சேற்றில் கோடு தெரிந்துவிட்டது; வளையன் மறுபடி கொடுக்கை ஊன்றி அதை இழுத்திருந்தது. கொக்குகள் திரும்பவும் பள்ளத்தில் இறங்கின. தவளைகள் மறு மழைக்குக் காத்திருந்தன.

அந்த ஐப்பசியில் தொடங்கியதுதான் இது. மழை பெய்து வரப்பும் வாய்க்காலும் தெரியாமல் தண்ணீர் ஒன்றானதும், தவளைகள் தொண்டை கிழிய ஒரே குரலாகக் கத்துகின்றன. தண்ணீர் வடிய வடிய அந்தக் குரல் அடங்கிவிடுகிறது. கொக்கு அதற்காகத்தான் கரையில் ஒற்றைக் காலில் நின்று காத்திருக்கிறது.