முள் ஒடித்த கெளுத்தி

மலையிலிருந்து குதித்து வரும் ஆறு, காட்டுக்குள் முதன்முதலாக நிதானமாக நடக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு மருத மரம் நின்றது. அதன் வேர்களுக்கு அடியில் ஒரு நீர்நாய்க் குடும்பம் குடியிருந்தது. தாயின் பெயர் மருதி. அவள் கணவன் கருவாலன். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் ஆண்.

மூத்தவன் துடுப்பன். இரண்டாமவன் சுழியன். கடைக்குட்டிக்குத் தொண்டையில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்ததால் பொட்டன் என்றே கூப்பிட்டார்கள்.

அந்த வளையில் தரை காய்ந்து மருதி பார்த்ததே இல்லை. விடிந்தால் மூன்றும் வெளியே ஓடும். சேற்றோடு உள்ளே வரும். சேற்றை அப்பியபடி ஒன்றன் மேல் ஒன்று விழுந்து உருளும். கரைச் சரிவில் வயிற்றை வைத்துச் சறுக்கி ஆற்றில் விழும். ஏறி வந்து மறுபடி விழும். நண்டு ஓடு ஒரு மூலையில், மீன் செதில் ஒரு மூலையில், யார் காதை யார் கடித்தது என்ற பஞ்சாயத்து எல்லா மூலையிலும்.

மருத மரத்தின் மேற்கிளையில் ஒரு மந்தி இருந்தாள். அவளுக்கு ஒரே மகள். நாள் முழுக்க மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டே கீழே நடப்பதையும் பார்ப்பாள்.

“ஏன் மருதி, நீ பெத்தது பிள்ளைங்களா, வெள்ளமா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“வெள்ளமா இருந்தா வடிஞ்சிருக்கும்க்கா,” என்றாள் மருதி.

வாய்தான் அப்படிச் சொன்னது. சாயங்காலம் ஈர மணலில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டு, மூன்றும் ஒரே உருண்டையாக அவள் வயிற்றோரம் சுருண்டு கிடக்கும்போது, எந்த வால் எவனுடையது என்று அவளுக்கே தெரியாது. நதி வெளியே பேசிக்கொண்டே போகும். வெயில் தின்ற ரோமத்தின் வாசனை வளை முழுக்க இருக்கும். இந்த நாள் இப்படியே நின்றுவிடக் கூடாதா என்று அவள் மனம் ஒரு கணம் கெஞ்சும். அதற்குள் எவனாவது எவனையாவது உதைப்பான்.

கருவாலனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரு நாள் பாறைச் சந்துகளில் நண்டு தேடப் போவான். ஒரு நாள் சுழலைக் குறுக்கே கடக்கப் பழக்குவான். மூத்தவர்கள் இருவரும் அப்பனின் வாலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பொட்டன்தான் தண்ணீருக்கே பயந்தான். முதல் நாள் அவனைக் கழுத்தில் கவ்வி மருதிதான் ஆற்றில் இறக்கினாள். அவன் அலறி, அவள் முதுகில் ஏறி, பிடரியை இறுகப் பிடித்துக்கொண்டான். அன்று முழுக்க இறங்கவில்லை. அவனைச் சுமந்தே அவள் வேட்டையாடினாள், சுமந்தே சாப்பிட்டாள். பிறகு அவன் நீந்தக் கற்றான், வளர்ந்தான், அவளைவிட நீளமாகவும் ஆனான். ஆனாலும் அந்தச் சின்னப் பாரம் அவள் பிடரியைவிட்டு இறங்கவே இல்லை.

அந்த ஆற்றில் கெளுத்தி அதிகம். ருசியான மீன். ஆனால் பக்கத்துக்கு ஒன்றும் முதுகில் ஒன்றுமாக முள் வைத்திருக்கும். பிடிபட்டதும் முள்ளை விறைத்துக்கொள்ளும். விறைத்த முள் மடங்காது.

அதனால் நீர்நாய்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. பால்பல் இருக்கும்வரை பெற்றவர்கள் முள்ளை ஒடித்துவிட்டுத்தான் கெளுத்தியைக் கொடுப்பார்கள். பல் விழுந்து முளைத்ததும், தகப்பன் முள்ளோடு உயிருள்ள கெளுத்தி ஒன்றைக் கொண்டுவந்து ஆழமில்லாத தண்ணீரில் பிள்ளையின் முன்னால் விடுவான். அன்றிலிருந்து யாரும் ஒடித்துத் தர மாட்டார்கள். தலையைப் பிடித்து, முள்ளின் அடியைக் கடைவாய்ப் பல்லுக்குக் கொடுத்துக் கடித்து, அவனே துப்ப வேண்டும். துடுப்பனுக்கு மூக்கு வீங்கியது. சுழியனுக்கு உதடு கிழிந்தது. இருவரும் ஊரைக் கூட்டினார்கள். பிறகு கற்றுக்கொண்டார்கள்.

பொட்டனின் முறை வந்தது. கருவாலன் கெளுத்தியை விட்டான். பொட்டன் வாயைத் திறந்தான். அதற்குள் மருதி பாய்ந்து மீனைக் கவ்வி, முள்ளை ஒடித்து அவன் முன்னால் போட்டாள்.

கருவாலனுக்குச் சுருக்கென்றது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். அவனுக்கு இன்னும் பல் கெட்டிப்படவில்லை என்றாள் அவள்.

“கெட்டிப்படலையா? நேத்து அவன் விளையாட்டுக்குக் கடிச்ச இடம் இன்னும் எனக்கு ஆறல,” என்றான் கருவாலன்.

அவள் மனத்தில் இருந்தது வேறு. சிறுமியாக இருந்தபோது, ஆறு தேங்கி நிற்கும் மேல்மடுவில் ஓர் இளம் நீர்நாயை அவள் பார்த்திருந்தாள். அவன் வாய்க்குள் கெளுத்தி முள் குறுக்கே மாட்டியிருந்தது. வாயை மூடவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், பக்கத்தில் ஆறு நிறைய மீன் ஓட, அவன் பசியால் செத்துப்போனான். முதலை அடித்துச் செத்தவர்களை அவள் மறந்திருந்தாள். அவனை மறக்கவில்லை.

ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். மற்றவர்கள் எழும்பும் முன்னே ஆற்றில் இறங்கினாள். கெளுத்தி பிடித்தாள். நாணலுக்குள் மறைந்து முள்ளை ஒடித்தாள். மீனைக் கொல்லாமல், பொட்டன் வழக்கமாகத் தேடும் கரையோரத்தில் விட்டுவிட்டாள். பொட்டன் வந்தான், பிடித்தான், தலையோடு கடித்துத் தின்றான்.

“அம்மா, பாத்தியா? முள்ளு என்னை ஒண்ணும் பண்ணல,” என்றான்.

“பாத்தேன்டா, ராசா,” என்றாள் மருதி.

கருவாலனுக்குப் பெருமை தாங்கவில்லை. உங்கள் இருவருக்கும் மூஞ்சி வீங்கியதே, சின்னவனைப் பாருங்கள் என்று மூத்தவர்களைச் சீண்டினான். சுழியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மருதி மட்டும் தலையைக் குனிந்து, சுத்தமாக இருந்த பாதத்தை மறுபடி நக்கினாள். ஒரு நாளோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் அடுத்த நாளும் இறங்கினாள். அதற்கடுத்த நாளும். கண்ணை மூடினால் பிடரியில் அவன் பிடி தெரிந்தது. இறங்காமல் எப்படி இருப்பாள்?

கோடை வந்தது. ஆறு மெலிந்து மடுக்களாகச் சுருங்கியது. கோடையில் அந்த ஆற்றின் இளவட்டங்கள் எல்லாம் மேல்மடுவில் கூடும். பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவதற்குப் பெற்றவர்களும் கூடவே போவார்கள். அதன்பின் பிள்ளைகள் அங்கேயே தங்கித் தங்கள் வழியைப் பார்த்துக்கொள்வார்கள். மருதி வீட்டிலும் எல்லோரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் மூன்று பிள்ளைகளும் பாறைக்குப் பாறை தாவி, ஒருவரை ஒருவர் தண்ணீரில் தள்ளிக்கொண்டு போனார்கள். மருதி பின்னால் நடந்தாள். முன்பெல்லாம் அவள் முன்னால் நடந்தவள்.

மேல்மடுவில் ஒரே கும்மாளம். கருவாலன் தங்குவதற்குப் பாறைப் பொந்து பார்க்க மேலே போனான். யார் பெரிய மீனாகப் பிடிக்கிறார்கள் என்று இளவட்டங்களுக்குள் போட்டி எழுந்தது. பொட்டன் எல்லோருக்கும் முன்னால் முங்கினான். மருதி தண்ணீர் ஓரத்துக்கு ஓடினாள். கூப்பிடலாமா என்று யோசித்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? இத்தனை நாளும் நீ பிடித்தது நான் முள் ஒடித்து விட்ட மீன் என்று, இத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

பொட்டன் மேலே வந்தான். அவன் வாயில் கொழுத்த கெளுத்தி ஒன்று துள்ளியது. எல்லோரும் பார்க்கும்படி தலையை உயர்த்தி, எப்போதும் போல மீனின் தலையை அப்படியே உள்ளே வாங்கினான்.

மீன் முள்ளை விறைத்தது.

பொட்டன் தலையை உதறினான். முன்காலால் முகத்தை அறைந்துகொண்டான். தண்ணீருக்குள் போனான், மூச்சு முட்ட மேலே வந்தான். திறந்த வாய் வழியே தண்ணீர் புகுந்தது. சுழியன் விழுந்து விழுந்து சிரித்தான். நடிக்கிறான் பாருங்கள், கெளுத்தி தின்பதில் நம்மில் கெட்டிக்காரனே இவன்தான் என்று மற்றவர்களிடம் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். பொட்டன் தட்டுத்தடுமாறி ஒரு பாறையில் ஏறிச் சரிந்தான். வாயோரம் ரத்தம் வழிந்தது.

மருதி பாறைக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மீனின் வாலைக் கவ்வி இழுத்தாள். முள் இன்னும் ஆழமாக ஏறியது. பொட்டனின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் மடுவே அடங்கிப்போனது.

துடுப்பன் வந்து அம்மாவைத் தோளால் தள்ளினான். அவன் அவளைத் தள்ளியது அதுதான் முதல் தடவை.

“இழுக்காதம்மா. இழுத்தா இன்னும் ஏறும்.” பிறகு தம்பியிடம் திரும்பினான். “ஒடிடா. தினம் ஒடிக்கிறவன்தானே. ஏன் இப்படிப் பாக்கிற?”

பொட்டன் அவனையே பார்த்தான். என்ன செய்யச் சொல்கிறான் என்று புரியாத பார்வை. அந்தப் பார்வையை மருதியால் தாங்க முடியவில்லை.

“அவன் ஒரு நாளும் ஒடிச்சதில்ல. நான்தான் முன்னாடியே ஒடிச்சு விட்டேன்,” என்றாள்.

பொட்டனின் கண் மெல்ல அவள் பக்கம் திரும்பியது. வாயில் முள் குத்தியிருந்தது. ஆனால் இப்போது வலித்தது வேறு எங்கோ.

துடுப்பன் நேரத்தை வீணாக்கவில்லை. சுழியனை மீனின் வாலை அசையாமல் அமுக்கிப் பிடிக்கச் சொன்னான். மீனை வெளியே இழுக்காதே, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளு, அப்போதுதான் முள்ளின் அடி கடைவாய்ப் பல்லுக்கு வரும் என்றான். சுழியன் தள்ளினான். பொட்டன் துடித்தான். இப்போது கடி என்றார்கள் அண்ணன்கள். பொட்டன் கடிக்கவில்லை. கடித்தால் இதைவிட வலிக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீருக்குப் பயந்த நாளில் பார்த்தது போலவே அம்மாவைப் பார்த்தான்.

மருதியின் உடம்பு முழுக்க முன்னால் பாய்ந்தது. கால்கள் மட்டும் பாறையை இறுகப் பற்றி நின்றன. அவன் வாய்க்குள் அவள் பல் போகாது. போனாலும் அங்கே செய்ய வேண்டியதை அவன் பல்தான் செய்ய வேண்டும்.

“வலிக்கும்டா,” என்றாள். அவனிடம் அவள் சொல்லாமலே வைத்திருந்த சொல் அது. “வலிச்சாலும் கடி.”

பொட்டன் கண்ணை மூடிக் கடித்தான். காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. மீனைத் திருப்பினார்கள். மறுபடி கடித்தான். இரண்டாவது முள்ளும், அதன்பின் முதுகு முள்ளும் முறிந்தன. ரத்தத்தோடும் எச்சிலோடும் மீன் பாறையில் விழுந்தது.

மருதி அவன் வாயை நக்கப் போனாள். பொட்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அப்படியே நின்றாள். அண்ணன்கள் அவனுக்கு இருபுறமும் உட்கார்ந்தார்கள். சுழியன் தன் கிழிந்த உதட்டைக் காட்டி ஏதோ சொன்னான். மூவரும் சிரித்தார்கள். பொட்டனுக்குச் சிரிக்க வலித்தது, ஆனாலும் சிரித்தான்.

கருவாலன் திரும்பி வந்தபோது நடந்ததையெல்லாம் மருதியே சொன்னாள். அவன் கோபிக்கவில்லை. நாளைக்குக் கிளம்பலாம் என்றான்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பும்போது பொட்டன் வந்தான். முகம் ஒரு பக்கம் வீங்கி, ஒரு கண் பாதிதான் திறந்திருந்தது.

“நான் பிடிச்ச மீனுல ஏதாவது ஒண்ணு, நானே பிடிச்சதாம்மா?” என்று கேட்டான்.

பொய் சொல்ல அவளுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது.

“நேத்துப் பிடிச்சது,” என்றாள்.

பொட்டன் யோசித்தான். பிறகு வீங்காத கன்னத்தை அவள் கழுத்தில் ஒரு முறை அழுத்தினான். ஈரமாக இருந்தது. திரும்பி ஓடி மடுவில் குதித்தான். தண்ணீரில் துள்ளிய மூன்று தலைகளில் அவனுடையது எது என்று தூரத்திலிருந்து மருதிக்குத் தெரியவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. கணவனுக்கு முன்னால் நடந்து, ஆற்றின் போக்கிலேயே இறங்கினாள். பிடரியில் காற்று பட்டது. இவ்வளவு நாளும் அங்கே காற்றுப் பட்டதாக அவளுக்கு நினைவில்லை.

பிள்ளைக்கு வலிக்கக் கூடாதென்று அவன் முள்ளை மறைவில் ஒடித்து வைக்கும் அன்பு, முள்ளைவிட ஆழமாக அவனைக் குத்திவிடும். அவன் பல்லை நம்பி விலகி நிற்பதே பெற்றவர் செய்யும் பெரிய காவல்.