முத்திரை வைத்த குதிர்

முன்னொரு காலத்தில் பஞ்சத்துக்குப் பயந்த ராஜா ஒருவர் இருந்தார். அவருக்கு யோசனை சொல்லக் களஞ்சியத் தலைவர் மாதவராயரும் இருந்தார், கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு குதிர் நிறைய நெல்லைக் கொட்டி, அடியில் நெல் எடுக்கும் துவாரத்தை அடைத்து, அரச முத்திரை வைத்தார்கள். ராஜா உத்தரவில்லாமல் முத்திரையை உடைத்தவன் தலை போகும் என்று தண்டோராவும் போட்டார்கள்.

விகடகவி ஆவுடையனின் மனைவி வடிவு இதைச் சட்டை செய்யவில்லை. அடியிலிருந்து பழைய நெல்லை எடுத்துச் சமைப்பாள். அறுப்பு முடிந்ததும் மேலே புது நெல்லைக் கொட்டுவாள். கிடப்பில் போட்ட நெல்லை அந்துப்பூச்சிதான் தின்னும் என்பாள்.

சபையில் ஆவுடையனின் கேலிக்கு அதிகம் ஆளானவர் மாதவராயர். சும்மா விடுவாரா? மூன்றாம் வருஷம் மழை பொய்த்து, ராஜா கலங்கியிருந்த சமயம் பார்த்து, ஆவுடையன் வீட்டுக் குதிரின் உடைந்த முத்திரையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டார். வடிவைக் காப்பாற்ற, தானே உடைத்ததாக ஆவுடையன் சொன்னான். தலையை வாங்கச் சொன்னார் ராஜா. ஊரைச் சிரிக்கவைத்தவனுக்கு உயிர்ப்பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நாட்டில் சாகப்போகிறவனுக்கு அரண்மனைச் சோறு போட்டு, வயிறு நிறைந்தது என்று அவன் சொன்ன பிறகுதான் வெட்டுவார்கள். ஆவுடையனுக்கு அது நினைவு வந்தது.

"மகாராஜா, என் கடைசிச் சோற்றுக்கு அரண்மனையில் முத்திரை வைத்த குதிரிலிருந்து நெல் வரட்டும். சட்டம் காத்த நெல்லைத் தின்றுவிட்டுச் சாகிறேன்."

மாதவராயர் முகம் வெளுத்தது. ராஜாவே முத்திரையை உடைத்தார். அந்துப்பூச்சி குப்பென்று பறந்தது. எவ்வளவு புடைத்தும் உமியும் தூளும்தான். ஒரு கவளத்துக்கு அரிசி தேறவில்லை.

"காத்திருக்கிறேன் மகாராஜா. வயிறு இன்னும் நிறையவில்லை" என்றான் ஆவுடையன்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தலை தப்பியது. என்ன பரிசு வேண்டுமென்று கேட்டதற்கு, ஊர்க் குதிர்களையெல்லாம் இன்றே திறக்க உத்தரவு கேட்டான். கிடைத்தது.

சாயங்காலம் அவன் வீடு திரும்பும்போது தெருவெங்கும் பெண்கள் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா முறத்திலும் உமியும் தூளும்தான். ஒவ்வொரு வீடாக அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. பிழைத்து வந்த சந்தோஷம் அவனுக்குத் தெருமுனையிலேயே போய்விட்டது.

அவன் வாசலில் ஊரே பாத்திரத்தோடு நின்றது. வடிவு குதிரின் துவாரத்தைத் திறந்து, ஆளுக்கு ஒரு கை நெல் போட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடையன் மேல்துண்டை ஏந்திப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.