இரண்டாவது சாவி

சிறுமலை அடிவாரத்தில் தில்லைநாயகி அம்மாவின் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் மான், மயில், பர்ணசாலை என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். ஓட்டு வீடு இரண்டு, கிணறு ஒன்று, தியானம் பண்ண வந்து நன்றாகத் தூங்கிவிட்டுப் போகிற நாலைந்து பேர். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. மூத்தவர் என்பதால் அம்மா அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் மரியாதை குறையாது.

மாசிலாமணியிடம் ஒரு பைக் இருந்தது. சாவியைச் செருகித் திருகுகிற வண்டி இல்லை. பிஸ்கட் அளவில் கருப்பாக ஒரு பிளாஸ்டிக் வில்லை. அதற்குப் பெயர்தான் சாவி. அது சட்டைப்பையில் கிடந்தால் போதும், வண்டி ஆளைத் தெரிந்துகொள்ளும். பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும்.

இந்த வயதில் இவருக்கு எதற்கு இப்படி ஒரு வண்டி என்று கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் நாக்கு துறுதுறுக்கும்.

"பையனோடது" என்பார் மாசிலாமணி. அதற்கு மேல் யாராவது துருவினால், கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போய்விடுவார். தொட்டி நிரம்பி வழிந்தாலும் இறைப்பார்.

தினமும் காலையில் வண்டியைத் துடைப்பார். பூசை அறை விளக்கை யாராவது அப்படித் துடைத்திருந்தால் ஆசிரமம் எப்போதோ பளபளத்திருக்கும். ஆனால் குறை சொல்லவும் முடியாது. பால், காய்கறி, அம்மாவின் முட்டிவலித் தைலம் எல்லாம் அந்த வண்டியில்தான் வந்தன.

ஒரு நாள் அந்த வண்டி அவர் மானத்தை வாங்கியது.

திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். தூறல் போட்டதால் மழைக்கோட்டை மாட்ட வேண்டியிருந்தது. கையிலிருந்த சாவி வளையத்தை, "கொஞ்சம் பிடிங்கம்மா" என்று அம்மாவிடம் நீட்டினார். கோட்டை மாட்டினார், பொத்தானை அழுத்தினார், வண்டி கிளம்பியது, போயே போய்விட்டார். வளையம் அம்மாவின் கையில்.

மார்க்கெட்டில் வண்டியை அணைத்துவிட்டுத் தக்காளி வாங்கினார். திரும்பி வந்து அழுத்தினால் வண்டி யாரோ மூன்றாம் மனுஷனைப் பார்ப்பதுபோல நின்றது. தக்காளிப் பையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

அம்மா கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க. வண்டி எங்கே?"

"மார்க்கெட்ல நிக்குதும்மா."

"தக்காளி?"

"இருக்கு."

"அது வரைக்கும் சந்தோஷம்." வளையத்தைத் தூக்கிக் காட்டினார். "இது என் கையில இருக்கு. வண்டி எப்படிக் கிளம்பிச்சு?"

"நீங்க பக்கத்துல நின்னீங்களே. கிளம்பும்போது சாவி பக்கத்துல இருந்தா அதுக்குப் போதும். ஓட ஆரம்பிச்சுட்டா நிறுத்துற வரைக்கும் கேக்காது."

"அப்போ என்னை நம்பித்தான் கிளம்பியிருக்கு. உங்களை இல்லை."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா வளையத்தைக் குலுக்கினார்.

"இதென்ன, சிறைக்காவலர் மாதிரி? வண்டிச் சாவி ஒண்ணு சரி. இந்தப் பித்தளைச் சாவி ரெண்டும்?"

"கரூர் வீட்டுச் சாவிம்மா."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

"ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு தண்ணி மீட்டர் பெட்டிக்குள்ள வைக்கிறது. பையன் தினகர் ஸ்கூல் விட்டு வந்தா எடுத்துத் திறந்துக்குவான். காலேஜ் முடிச்சு வேலைக்குப் போன பிறகும் அது அங்கேதான் கிடக்கும்."

"இப்போ இங்கே கிடக்கு."

"வீடு பூட்டியில்ல கிடக்கு? எவனாவது திருட்டுப்பய எடுத்துட்டா?"

அம்மா வளையத்தை அவர் கையில் வைத்துவிட்டுத் தக்காளிப் பையை வாங்கிக்கொண்டு போனார்.

மாசிலாமணி அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். இன்னொரு சாவி செய்து இடுப்பிலேயே கட்டிக்கொள்ள வேண்டும். வண்டியை மீட்டுக்கொண்டு நேரே சர்வீஸ் சென்டருக்குப் போனார்.

அங்கிருந்தவர் நல்ல மனிதர். நாற்காலி போட்டார்.

"செஞ்சிடலாம் சார். இந்த வண்டிக்கு ரெண்டு சாவி குடுத்திருப்பாங்களே, ரெண்டையும் கொண்டுவாங்க. புதுசைப் பதியும்போது எல்லாம் பக்கத்துல இருக்கணும். எது இருக்கோ அதைத்தான் வண்டி ஞாபகம் வச்சுக்கும். இல்லாததை மறந்துடும்."

"மறந்துடும்னா?"

"அப்புறம் அந்தச் சாவியைக் கொண்டுவந்தாலும் வண்டி எடுக்காது."

"இன்னொண்ணு என்கிட்ட இல்லீங்களே."

"தொலைஞ்சுபோச்சா? அப்போ நல்லதாப் போச்சு சார். எவன் கையில கிடைச்சாலும் உங்க வண்டியைத் தொட முடியாது."

மாசிலாமணி எழுந்துவிட்டார். டீ சொல்லியிருக்கிறேன் என்று அந்த மனிதர் பின்னாலேயே வந்தார். இவர் காதில் விழவில்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். மார்க்கெட், சர்வீஸ் சென்டர் என்று சுற்றிச் சுற்றிச் சொன்னார்.

"உங்க சாமர்த்தியத்தை எல்லாம் அப்புறம் கேக்கறேன். விஷயத்துக்கு வாங்க" என்றார் அம்மா.

விஷயம் இதுதான். மாசிலாமணியின் மனைவி இறந்த மதியம், தினகர் சிநேகிதர்களோடு கொடைக்கானலில் இருந்தான். நோயில் கிடந்த தாய் தேறிவிட்டாள் என்று டாக்டர் சொன்ன தைரியத்தில் போனான். மலையில் போன் எடுக்கவில்லை. திரும்பி வந்து அதே வண்டியில் வாசலில் இறங்கினான். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் மாசிலாமணி சொன்னார்: "அவ கண்ணு கதவையே பாத்துக்கிட்டுப் போச்சு. நீ ஊர் சுத்திட்டு வர்றே. இனிமே என் காசுல வாங்கின வண்டியை நீ தொடக்கூடாது."

பையன் கொள்ளி வைத்தான், காரியம் எல்லாம் செய்தான். பதினாறாம் நாள் முடிந்ததும் வண்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். கோயம்புத்தூரில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். இவர் போய்த் தேடினார். கிடைக்கவில்லை.

"அவன் போன பிறகு பாத்தேம்மா. அவன் சாவி வீட்டுல இல்லை. வண்டியை விட்டுட்டான், சாவியை எடுத்துட்டுப் போயிருக்கான். திரும்பி வர மாட்டேன்னு நினைக்கிறவன் சாவியை எதுக்கு எடுக்கணும்?"

"சரி."

"இப்போ நான் புதுசு செஞ்சா, அவன் கையில இருக்கிறது வெறும் பிளாஸ்டிக். செய்யலைன்னா, என்கிட்ட இருக்கிறது தொலைஞ்ச அன்னிக்கு வண்டி இரும்புக்குத்தான். எதும்மா பண்றது? நீங்களே சொல்லுங்க."

"பையன் வச்சிருக்கிற சாவி இன்னும் வேலை செய்யுமா?"

"செய்யும். உள்ளே சின்னதா ஒரு பேட்டரி. தீர்ந்திருந்தா மாத்தியிருப்பான்."

"மாத்தியிருப்பானா?"

"மாத்தியிருப்பான்." இரண்டாம் முறை குரல் எழும்பவில்லை.

அம்மா எழுந்தார். "வளையத்தைக் குடுங்க. வண்டியில போய் உக்காருங்க."

உட்கார்ந்தார்.

"அழுத்துங்க."

வண்டி உறுமியது.

"அணைங்க."

அணைத்தார். அம்மா வளையத்தை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். முட்டி வலியில் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தார். கேட்டைத் தாண்டிப் புளியமரத்தடியில் நின்றுகொண்டு கையை உயர்த்தினார்.

மாசிலாமணி அழுத்தினார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

"எடுக்கலைம்மா!"

"என்ன?"

"எடுக்கலை! தூரம்!"

"எனக்கே கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க!"

"தூரம்மா! ரொம்பத் தூரம்!" என்று கத்தினார். தியானத்தில் இருந்தவர்களில் ஒருவர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார்.

அம்மா வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சாவி கெட்டுப்போச்சா?"

"இல்லைம்மா, சாவி நல்லாத்தான் இருக்கு. வண்டி கிட்டே இருந்தாத்தான் அதுக்கு வேலை."

"அந்தப் புளியமரத்தடியிலேருந்தே கேக்கலையா?"

"கேக்காதும்மா."

"பையன் எங்கேருந்து போனான்?"

"கரூர்லேருந்து."

"வர்றதா இருந்தா எங்கே வருவான்?"

மாசிலாமணி காலையில் துடைத்த வண்டியைப் பார்த்தார். அதன் மேல் ஆசிரமத்து வேப்பமரத்தின் இலைகள் அதற்குள் உதிர்ந்திருந்தன.

"வந்து பாத்திருப்பானோ?" என்றார்.

அம்மா குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டார்.

"சுவரோரம் வண்டி இருந்திருக்காது. கதவுல பூட்டு. மீட்டர் பெட்டியில கையை விட்டிருப்பான்..." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. அம்மா அவர் அழுது முடிக்கும்வரை வண்டியைப் பிடித்தபடியே நின்றார்.

பிறகு மாசிலாமணி உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தார். இரண்டு வேட்டி, ஒரு சட்டை, மனைவியின் போட்டோ. கட்ட வேறு ஒன்றும் இல்லை.

"உங்களுக்குப் பால், தைலமெல்லாம்..."

"முட்டிதான் போச்சு. வாய் இருக்கில்ல? யாரையாவது வேலை வாங்கிக்குவேன். கிளம்புங்க."

அவர் கிளம்பவில்லை. வண்டியின் மேல் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டார். கடைசி இலையை எடுத்த பிறகு, அம்மாவைப் பார்க்காமல் கேட்டார்.

"அவன் வரவே இல்லைன்னா?"

அம்மா வளையத்திலிருந்து ஒரு பித்தளைச் சாவியை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றினார். வளையத்தை அவரிடம் கொடுத்துவிட்டு, அதைத் தனியாக அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த மீட்டர் பெட்டிக்கு மூடி இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்போ மழையில நனையாது" என்றார் அம்மா.